விட்பியா, போர்லாக்கா, ஸென்னரா: ஒரு வாரத்துக்கு எந்தக் கரை?

முதல் தடவை நாங்கள் செய்த தப்பு, வரைபடத்தை எட்ட நின்று பார்த்ததுதான். யார்க்‌ஷயர் கரையில், இங்கிலாந்தின் வடகிழக்கில், விட்பி என்ற ஊர். அதை ஒட்டிப் பச்சைப் பசேலென்று நார்த் யார்க் மூர்ஸ் தேசியப் பூங்கா. பழைய சர்ச், கடல், மூர் என்கிற புதர் மண்டிய மேட்டுநிலம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டது என்று ஒரு வாரத்துக்கு வீடு எடுத்தோம். போய் இறங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. கடலும் சர்ச்சும் வாசலிலேயே இருந்தன. மூருக்கு மட்டும் காரெடுக்க வேண்டியிருந்தது. தினமும் சாப்பாடு கட்டி, காரில் ஏறி, பார்க்கிங் தேடி, ஒருவழியாக நடக்க ஆரம்பிக்கும்போது மத்தியானம் ஆகிவிடும். நாலு மணிக்கு மழை.

அதற்கப்புறம் போர்லாக் இருக்கும் எக்ஸ்மூருக்கும், ஸென்னர் இருக்கும் கார்ன்வாலின் மேற்கு முனைக்கும் போய்வந்தாயிற்று. இந்த ஆகஸ்டில் அம்மா ஊரிலிருந்து வருகிறார். தங்கை குடும்பமும் சேர்ந்துகொள்கிறது. எங்கே போவது என்று ஒரு மாதமாகப் போனில் பஞ்சாயத்து. அவர்களுக்கு எழுதி அனுப்பியதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

என் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். காலை பத்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, காரைத் தொடாமல், ஒரு பழைய சர்ச்சையும் மூரையும் கடலையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்ப முடியுமா? அழகு என்று பார்த்தால் மூன்று இடமும் அழகுதான். அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

மூர் என்பதை ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அம்மா கேட்டார். மரமில்லாத மேட்டுநிலம். அமிலத்தன்மை உள்ள மண், பல இடங்களில் பீட் என்கிற, செடிகள் மக்கி உண்டான ஈரமான கறுப்பு மண், அதன்மேல் முழங்கால் உயரத்துக்கு ஹெதர் புதர். இயற்கையாக வந்த வெட்டவெளி என்று நினைத்துவிடக் கூடாது. ஆதியில் இங்கே காடு இருந்தது. வெண்கலக் காலத்து மக்கள் வெட்டி விவசாயம் பார்த்தார்கள், மண்ணின் சத்து மழையில் கரைந்து போனது, பிறகு ஆடு மேய்ச்சலும் தீ வைப்பதும் மரத்தைத் திரும்ப வளரவிடவில்லை. வருடத்தில் பதினோரு மாதம் பழுப்பு நிறம். ஆகஸ்டில் நாலைந்து வாரம் மட்டும் ஹெதர் பூத்து ஊதா. ஆகஸ்ட் என்பதால் அம்மாவுக்கு யோகம்தான்.

விட்பியிலிருந்தே தொடங்கலாம்.

சர்ச்சுக்காகவே போகிறவர்கள் வேறு யோசனையே செய்ய வேண்டாம், யார்க்‌ஷயர்தான். கி.பி. 657-ல் இங்கே மடம் நிறுவப்பட்டது. அதன் தலைவி ஹில்டா. 664-ல், ஈஸ்டரை ரோம் கணக்குப்படி கொண்டாடுவதா அயர்லாந்துத் துறவிகள் கணக்குப்படியா என்ற பெரிய வழக்கு இந்த மடத்தில் நடந்து, ரோம் ஜெயித்தது. இப்போது பாறை உச்சியில் நிற்கும் இடிபாடு பின்னால் கட்டிய மடத்தினுடையது. அதற்கு முன்னால் குட்டையாக, அரண் மாதிரி உட்கார்ந்திருக்கிறது செயிண்ட் மேரி சர்ச். கீழே ஊரிலிருந்து 199 படிகள். நான் எண்ணியபோது 197 வந்தது, மகனுக்கு 201.

உள்ளே போனால் சர்ச் மாதிரியே இருக்காது. கப்பல் கட்டும் ஊர்; மர வேலையும் கப்பலுக்குள் நுழைந்த மாதிரியே இருக்கும். மாடங்கள், தாழ்ந்த கூரை, இடுப்பு உயரப் பலகை அடைப்புகளாகத் தடுத்த இருக்கைகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு. சில அடைப்புகளில் ‘வெளியூராருக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கும். பிரசங்க மேடை 1778-ஐச் சேர்ந்தது, மூன்றடுக்கு. அந்த மேடையிலிருந்து நீளமாக இரண்டு குழாய்கள் இறங்கி வருவதைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்டேன். 19-ம் நூற்றாண்டில் இருந்த ஒரு போதகரின் மனைவிக்குக் காது கேட்காதாம். அவர் கீழே உட்கார்ந்து கணவரின் பிரசங்கத்தைக் கேட்பதற்காக வைத்த காதுக்குழாய்கள் அவை. வீட்டிலும் அவர் குரலைத்தான் கேட்டிருப்பார், பாவம், ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை.

வெளியே கல்லறைகள். மணற்கல்லில் வெட்டிய எழுத்தை உப்புக்காற்று அரித்துத் தேன்கூடு மாதிரி ஆக்கியிருக்கிறது. பாறையே சரிந்துகொண்டிருப்பதால் சில வருடங்களுக்கு முன்பு மழையில் மண் இடிந்து பழைய எலும்புகள் வெளியே வந்தன.

இந்தப் பக்கத்தின் உண்மையான பொக்கிஷம் ஆனால் கடற்கரையில் இல்லை, மூரின் தெற்குச் சரிவில். லாஸ்டிங்ஹாம் என்ற சின்னக் கிராமம். 654 வாக்கில் செட் என்ற துறவி மடம் கட்டி, 664-ல் கொள்ளைநோயில் அங்கேயே இறந்தார். அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தின்மேல் 1078-ல் கட்டிய நிலவறை அப்படியே இருக்கிறது. சர்ச்சின் நடுவில் தரையில் படிக்கட்டு. இறங்கினால் கீழே முழுதாக இன்னொரு சர்ச், குட்டையான தடித்த தூண்களோடு. மேலே யாரோ நடப்பது கேட்கும். கீழே குளிர்ந்த கல் வாசனை. எனக்கு மொத்த இங்கிலாந்திலும் பிடித்த அறை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். எதிரில் மதுக்கடை. 18-ம் நூற்றாண்டில் இங்கே இருந்த உதவிப் போதகருக்குப் பிள்ளைகள் பதின்மூன்று, சம்பளம் பற்றாமல் மனைவி அந்தக் கடையை நடத்த, பூசை முடிந்த கையோடு இவர் போய்ப் பிடில் வாசிப்பாராம். ஊர்க்காரர்கள் சொல்லும் கதை.

கொஞ்ச தூரத்தில் கிர்க்டேல். அங்கே வாசல் மேல் ஒரு கல் சூரியக் கடிகாரம், 1055-க்கும் 1065-க்கும் இடைப்பட்டது. ‘காமலின் மகன் ஓர்ம், உடைந்து விழுந்து கிடந்த புனித கிரகோரியார் ஆலயத்தை வாங்கி, அரசர் எட்வர்ட் நாளில், டோஸ்டி பிரபு நாளில், அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டினான்’ என்று பழைய ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. இன்னார் மகன் இன்னார், இன்ன அரசர் காலத்தில், இடிந்ததைத் திருப்பணி செய்தது என்ற அந்த வாக்கிய அமைப்பு, கோயில் கல்வெட்டு படித்துப் பழகியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். பிக்கரிங் சர்ச்சில் 15-ம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் இருக்கின்றன. 1852-ல் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து வெளிப்பட்டன. அன்றைய போதகருக்குப் பிடிக்காமல் மறுபடி சுண்ணாம்பு அடித்து மூடி, பிறகு ஒருவழியாக மீட்டெடுத்தார்கள்.

எல்லாம் சரி, அளவுகோலுக்கு வருவோம். விட்பியிலிருந்து லாஸ்டிங்ஹாம் காரில் முக்கால் மணி நேரம். கரையோரம் நடக்கலாம், தெற்கே ராபின் ஹுட்ஸ் பே வரை. செங்குத்தான சந்துகளில் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் மீனவர் கிராமம் அது. ஆனால் அந்தப் பாதையில் மேலே வயல், கீழே பாறை. ஹெதர் கண்ணில் படாது. மூருக்கு உள்ளே வர வேண்டும். உள்ளே வந்துவிட்டால் அதுபோல் வேறெங்கும் இல்லை என்பதும் உண்மை: அடிவானம் வரை ஒரே ஊதா. கிரவுஸ் பறவை வேட்டைக்காகப் புதரைப் பட்டை பட்டையாக மாற்றி மாற்றி எரிப்பதால் மேலிருந்து பார்த்தால் ஒட்டுப்போட்ட துணி மாதிரி தெரியும்.

கார் ஓட்டாதவர்களுக்கு ஒரு சமாதானம். லீட்ஸிலிருந்து யார்க், மால்டன், பிக்கரிங் வழியாக விட்பி வரும் 840 பஸ் மூரின் குறுக்கே போகிறது. மேல்தட்டில் முன் சீட்டு கிடைத்தால் ஹோல் ஆஃப் ஹார்கம் என்ற பெரும் பள்ளம் ஜன்னலுக்கு வெளியே திறக்கும். வேட் என்ற அரக்கன் ஒரு கைப்பிடி மண் அள்ளி மனைவிமேல் எறிந்ததில் உண்டான பள்ளம் என்று கதை. பிக்கரிங்கிலிருந்து நீராவி ரயிலும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கரையில் கோடையிலேயே கடல் பனி வந்து மூடும். உள்ளே பத்து மைலில் வெயில் கொளுத்தும்போது விட்பியில் எதிர்வீடு தெரியாது. எங்களுக்கு ஏழு நாளில் இரண்டு நாள் அப்படிப் போயிற்று.

சஃபோக் கரையைத் தங்கை நடுவில் கிளப்பினாள். பிளைத்பர்க் சர்ச்சின் கூரையில் சிறகு விரித்த மரத் தேவதைகள், ஒன்றன்பின் ஒன்றாகச் சர்ச்சுகளைக் கடலுக்குக் கொடுத்த டன்விச், எல்லாம் அருமைதான். ஆனால் அங்கே இருப்பது தட்டையான மணற்பாங்கு ஹீத், மூர் அல்ல. லண்டனிலிருந்து ஒரு வாரக்கடைசிக்குப் போய்வரலாம். பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

இனி கார்ன்வால். மேற்குக் கோடியில் செயிண்ட் ஐவ்ஸுக்கும் செயிண்ட் ஜஸ்டுக்கும் நடுவே உள்ள சாலைதான் விஷயம். ஒரு பக்கம் கருங்கல் குன்றும் மூரும், இன்னொரு பக்கம் கடல், நடுவில் ஒரு மைல் அகலத்துக்குக் குட்டிக் குட்டி வயல்கள். வயல்களைப் பிரிக்கும் கல்வரப்புகள் வெண்கலக் காலத்தில் போட்டவை, அதே வரப்புக்குள் இன்றைக்கும் மாடு மேய்கிறது. இந்தக் கிராமங்களில் ஒன்று ஸென்னர். சர்ச், மதுக்கடை, சில வீடுகள், அவ்வளவுதான்.

சர்ச்சுக்குள் ஒரு பழைய நாற்காலி. பக்கவாட்டுப் பலகையில் கடற்கன்னி. ஒரு கையில் சீப்பு, ஒரு கையில் கண்ணாடி, இடுப்புக்குக் கீழே செதில். 15-ம் நூற்றாண்டு மரச்செதுக்கு, ஓரமெல்லாம் கைபட்டு மழுங்கியிருக்கிறது. பாடகர் குழுவில் நன்றாகப் பாடிய மாத்யூ ட்ரவெல்லா என்ற பையனை அவள் கடலுக்குள் கூட்டிப் போய்விட்டாள் என்பது கதை. மகள் பத்து நிமிஷம் அந்தப் பலகையின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் கேட்டாள்: “அவன் அம்மா தேடலையாப்பா?” எனக்குப் பதில் தெரியவில்லை.

அளவுகோலில் நூற்றுக்கு நூறு வாங்குவது ஸென்னர்தான். சர்ச்சிலிருந்து வயல் வழியாகக் கடல் முனைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. திரும்பி வந்து சாலையைத் தாண்டி மேலே ஏறினால் மூர்; அங்கே ஸென்னர் குவாய்ட், பெருங்கற்காலக் கல்லறை, மூடுகல் ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. ஆகஸ்டில் இந்தப் பக்கத்து மூரில் ஊதா ஹெதரோடு குட்டை இனக் கோர்ஸ் என்ற முட்செடியும் சேர்ந்து பூக்கும். மஞ்சளும் ஊதாவும் கலந்த அந்த விரிப்பு யார்க்‌ஷயரின் ஒற்றை நிறத்தைவிட எனக்குப் பிடிக்கும். அரை நாளில் மூன்றையும் முடித்துவிட்டு மதுக்கடை வாசலில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம்.

சரி, அப்படியானால் இதுதானே? இல்லை. முதல் காரணம் தூரம். லண்டன் பாடிங்டனிலிருந்து பென்ஸான்ஸுக்கு ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். எழுபது தாண்டிய அம்மாவை விமானத்திலிருந்து இறக்கிய கையோடு அங்கே கொண்டுபோக முடியாது. இரண்டாவது, ஆகஸ்டில் செயிண்ட் ஐவ்ஸ் திருவிழாக் கூட்டம். தெருவில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது, வாடகையும் உச்சத்தில் இருக்கும். மூன்றாவது, நடை. செயிண்ட் ஐவ்ஸிலிருந்து ஸென்னருக்குக் கரைப்பாதை ஆறு மைலுக்கு மேல், பாறையில் ஏறி இறங்கி முழங்காலைப் பதம் பார்த்துவிடும். வயல் வழியாகச் சவப்பெட்டிப் பாதை என்று ஒன்று உண்டு. பிணத்தைச் சுமந்துபோன வழி. அது சமம், ஆனால் வரப்புக்கு வரப்பு கல்லைத் தாண்டிக் கால் வைக்க வேண்டும். கோடையில் அந்தச் சாலையில் மேல்தட்டு திறந்த பஸ் ஓடும். அதைத் தவறவிட்டு, அடுத்ததற்கு நாங்கள் காத்திருந்த நேரம் முழுக்கத் தூறல், குடை பிடிக்கவும் முடியாத காற்று.

பழைய சர்ச் என்று பார்த்தாலும் மேற்குக் கார்ன்வால் கொஞ்சம் மெலிவுதான். கருங்கல்லில் நுட்ப வேலை கஷ்டம். சர்ச்சுகள் தாழ்வாக, உறுதியாக, ஒன்றுபோலவே இருக்கும். 18-ம் நூற்றாண்டிலிருந்து சுரங்க மக்கள் மெதடிஸ்ட் என்ற தனிக் கிறிஸ்தவ சபையின் பக்கம் போய்விட்டதால் பெரிய கட்டடம் எல்லாம் அவர்களுடைய சாப்பல்கள்.

சுரங்கம் என்றதும் ஒன்று சொல்லாமல் போக முடியாது. பொட்டலாக்கில் பாறை விளிம்பில் அலைக்கு நேர்மேலே நிற்கும் எஞ்சின் வீடுகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கடலுக்கு அடியில் தோண்டிய தகரச் சுரங்கம், செம்புச் சுரங்கம். பக்கத்து லெவன்ட் சுரங்கத்தில் 1919-ல் ஆட்களை ஏற்றி இறக்கும் இயந்திரம் முறிந்து 31 பேர் இறந்தார்கள். தகர விலை விழுந்தபோது இந்த ஊர்க்காரர்கள் உலகமெங்கும் சுரங்க வேலைக்குப் போனார்கள், கோலார் தங்க வயலுக்கும். அங்கே பூமிக்குள் இறங்கிய தொழிலாளிகளில் பெரும்பாலோர் வட ஆற்காடு பக்கத்துத் தமிழர்கள். மேலே நின்று வேலை வாங்கியவர்களில் நிறையப் பேர் கார்ன்வால்காரர்கள். அப்பாவின் சித்தப்பா ஒருவர் அங்கே வேலை பார்த்தவர். பொட்டலாக்கில் நின்றபோது அந்த இடம் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. இதற்காகவே இன்னொரு தடவை போவேன், ஆனால் மே மாதத்தில்.

மிச்சம் எக்ஸ்மூர். சாமர்செட்டும் டெவனும் சேரும் வடக்குக் கரை. தேசியப் பூங்காவாக 1954-ல் அறிவித்தார்கள். நார்த் யார்க் மூர்ஸில் பாதிகூட இருக்காது. சின்னது என்பதுதான் இதன் பலம். மூரின் உச்சியான டங்கரி பீக்கன் 519 மீட்டர். அங்கிருந்து கடல் நாலைந்து மைல்தான். எதிர்க்கரையில் வேல்ஸ் தெரியும். மூருக்கும் கடலுக்கும் நடுவே ஓக் காடு அடர்ந்த பள்ளத்தாக்குகள். வேறு இரண்டு இடத்திலும் இல்லாத நிழல் இங்கே உண்டு.

போர்லாக் ஊரில் தங்கினால் முதல் சர்ச் தெருவிலேயே. அதன் கூரைக்கோபுரம் மொட்டையாக இருக்கும், நுனி வெட்டிய பென்சில் மாதிரி. அந்த நுனி புயலில் பறந்துபோய் கல்போன் சர்ச்சின்மேல் உட்கார்ந்துகொண்டது என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். கல்போனைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

கல்போனுக்குச் சாலை கிடையாது. போர்லாக் வியர் என்ற குட்டித் துறைமுகத்திலிருந்து காட்டு வழியாக இரண்டு மைல் ஏற்றம். வழியில் பாசி பிடித்த சுரங்கவழிகள். இங்கே இருந்த மாளிகையின் ஜன்னலிலிருந்து வேலையாட்கள் கண்ணில் படக்கூடாது என்று கட்டியவை. கணினி நிரலின் முன்னோடி என்று சொல்லும் ஏடா லவ்லேஸ் குடும்பத்து மாளிகை அது. பாதை ஒரு வளைவில் திரும்பும், ஓடைச் சத்தம் கேட்கும், கீழே மரங்களுக்கு நடுவே சர்ச். மொத்த நீளம் 35 அடி. முப்பது பேர் நெருக்கி உட்காரலாம். இங்கிலாந்திலேயே மிகச் சிறிய பங்குக் கோயில் என்று பெயர், இன்னும் ஆராதனை நடக்கிறது. வடக்குச் சுவரில் ஒரே கல்லைக் குடைந்து இரண்டு பிளவாகச் செய்த ஜன்னல், கட்டை விரல் அகலத்துக்குத்தான் வெளிச்சம் விடும். நாங்கள் போனபோது வேறு யாரும் இல்லை. கதவு பூட்டியிருக்கிறது என்று முதலில் திரும்பப் பார்த்தோம். இந்த நாட்டுப் பழைய சர்ச் கதவுகள் எல்லாமே அப்படித்தான்: இரும்பு வளையத்தைத் திருகிக்கொண்டே தோளால் தள்ள வேண்டும். பெரும்பாலும் பகலில் திறந்தே இருக்கும். பறவை உள்ளே போகாமல் கதவைச் சாத்திவிட்டு வரச்சொல்லும் சீட்டும் பல இடங்களில் ஒட்டியிருக்கும்.

அம்மாவால் கல்போன் ஏற முடியாது. அவருக்கு ஸெல்வர்தி. மேட்டில் சுண்ணாம்பு அடித்த வெள்ளை வெளேர் சர்ச். வாசலில் பெஞ்சில் உட்கார்ந்தால் பள்ளத்தாக்குக்கு எதிரே டங்கரி முழுசாகத் தெரியும். நடக்காமலே மூரைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. கீழே வைக்கோல் கூரை வேய்ந்த வீடுகள். 1828-ல் அக்லாண்ட் என்ற பண்ணையார் வயதான வேலைக்காரர்களுக்குக் கட்டிக்கொடுத்தது. டங்கரி உச்சிக்கேகூடக் கார் நிறுத்தும் இடத்திலிருந்து ஒரு மைல் போல்தான், மெல்ல நடந்தால் அவரும் வந்துவிடுவார். மழை பெய்தால் டன்ஸ்டர் இருக்கிறது: 1609-ல் கட்டிய நூல் சந்தை மண்டபம், கோட்டை, சர்ச்சுக்குள் 54 அடி அகலத்துக்கு மரத் தடுப்பு. மடத்துத் துறவிகளுக்கும் ஊர்க்காரர்களுக்கும் யார் எந்தப் பாதியில் கும்பிடுவது என்று சண்டை வந்து, 1498-ல் தீர்ப்பாகி எழுந்த தடுப்பு அது.

குறை இல்லாமல் இல்லை. என் அளவுகோலில் இது இரண்டாவதுதான். போர்லாக்கிலிருந்து கடலும் இரண்டு சர்ச்சும் நடையில் கிடைக்கும், மூர் உச்சிக்கு நடந்தால் நாலு மைல் ஏற்றம். பஸ் எப்போதாவதுதான் வரும். போன் சிக்னல் பள்ளத்தாக்கில் அறவே வராது, கையில் காகித வரைபடம் வேண்டும், ஓ.எல். 9 என்ற தாள். நிலவறை, கல்வெட்டு என்று யார்க்‌ஷயர் தரும் ஆழமும் இங்கே கிடையாது.

ஆனாலும் பாடிங்டனிலிருந்து டாண்டனுக்கு ரயில் இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் போல. அம்மாவுக்கு உட்கார்ந்து பார்க்க ஒரு மூர், பிள்ளைகளுக்குக் கூழாங்கல் கரை, எனக்குக் கல்போன். ஆளுக்கொன்று கிடைக்கும் ஒரே இடம் இதுதான் என்று தங்கையிடம் சொன்னேன். அவளுக்கு இன்னும் செயிண்ட் ஐவ்ஸ் மணலில்தான் கண். போகட்டும், ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துக்குப் போர்லாக்கில் வீடு எடுத்தாயிற்று.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. லின்மவுத் பக்கம் போக வேண்டுமென்றால் போர்லாக் மேடு ஏற வேண்டும், நாலுக்கு ஒன்று சரிவு, நடுவில் கொண்டை ஊசி வளைவு. 1899 ஜனவரியில், புயலில் படகை இறக்க முடியாமல், லின்மவுத்காரர்கள் தங்கள் உயிர்காப்புப் படகைக் குதிரை கட்டி ராத்திரி முழுக்க இழுத்துக்கொண்டு இந்த மேட்டில்தான் இறங்கினார்கள். போன தடவை நான் இறங்கி வந்தபோது பிரேக் கருகிய வாசனை ஊர் வரை வந்தது. பக்கத்திலேயே காசு கட்டிப் போகிற சுற்றுச்சாலை ஒன்று இருக்கிறது, சாதுவான சரிவு. இந்தத் தடவை அதில்தான் போவேன். மேட்டு வழிதான் வேண்டும் என்று மாப்பிள்ளை அடம் பிடித்தால், ஸ்டியரிங்கை அவரே பிடித்துக்கொள்ளட்டும்.